விட்டதற்கு நன்றி

திருப்பதி,
20-01-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நளினி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண் டாக்டரிடம் போனாயா?

பொங்கலுக்கு ஊருக்குப் போய் நேற்றுத்தான் விடுதிக்குத் திரும்பினேன். நீ வரவில்லை என்று அம்மா பண்டிகை முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. நைனாவுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனி கேட்டில் பொங்கலன்றும் செக்யூரிட்டி டியூட்டி. "உங்க அக்கா போன்ல பேசறப்ப பக்கத்துல யாரோ மூச்சு வுடறாப்பல கீதுடி" என்றார்.

அதனால்தான் இந்தக் காகிதம். நாம் பேசுவதை மாமா ரெக்கார்டு போட்டுக் கேட்கிறார், உன் வாட்ஸ்அப்பைக் கடையில் உட்கார்ந்தே பார்க்கிறார் என்று நீ நேரில் சொன்ன பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. செல்போன் ரிப்பேர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்குத் தபால்காரர்தான் துணை. உங்கள் வீட்டில் எல்லாரும் பேசுவது தமிழ் என்றாலும் சித்தூரில் தெலுங்கு மீடியம் படித்தவர்கள். தமிழ் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. நம்மைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்ததற்கு நைனாவை எத்தனை பேர் கேலி செய்தார்கள்!

எங்கள் வகுப்பில் கருத்தரங்கு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சாதாரண ஆங்கில வினைச்சொல். அதன் பொருள்கள் என்ன, எங்கிருந்து வந்தது என்று எல்லார் முன்னாலும் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது 'லெட்'. 'விடு' என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? நம் வீட்டில் எம்.ஏ. வரைக்கும் போன முதல் ஆள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே நான் வாய் திறப்பதே இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

ஆசிரியர் வேலைக்கான டி.எஸ்.சி. பரீட்சை அறிவிப்பு வரப்போகிறதாம். நீ டி.எட். படித்தது வீணாகக் கூடாது. தமிழ் மீடியம் டீச்சர் வேலை நம் பக்கத்தில்தான் கிடைக்கும். மாமாவிடம் கேட்டாயா?

உன்
நளினி

சித்தூர்,
04-02-2025

அன்புத் தங்கை நளினிக்கு,

அக்கா காஞ்சனாவின் ஆசிகள். இங்கு எல்லாரும் சுகம். தலைவலி இருக்கிறது. கண் டாக்டரிடம் அடுத்த வாரம் போகலாம் என்று உன் மாமா சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் வந்தபோது உறையைப் பிரித்து முதலில் பார்த்தவர் உன் மாமாதான். "இன்னாடி இது, குச்சி அடுக்கினாப்பல கீது உங்க எழுத்து" என்று சிரித்தார். "அக்காளும் தங்கச்சியும் கொழம்பு வெக்கறத பத்தி எழுதிக்கிறீங்களா?" ஆமாம் என்றேன்.

ஒரு நல்ல செய்தி. கோச்சிங்கில் சேர்ந்துவிட்டேன். நான் கேட்கக்கூட இல்லை, அவரே சேர்த்தார். அத்தையிடம், "போவட்டும்மா. நான் வுடறேன். எந்த ஊட்டுல வுடுவாங்க சொல்லு?" என்றார். இதையே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார், பக்கத்து வீட்டு சந்தியாவிடம் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் அவரை மெச்சுகிறார்கள். நான் என்ன படிக்கிறேன் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

'விடு' என்பதில் என்ன இருக்கிறது என்கிறாய். யார் விடுகிறார் என்று பார். 'நான் படிக்கிறேன்' என்றால் அந்த வாக்கியத்துக்கு நான் எழுவாய். 'அவர் என்னைப் படிக்க விடுகிறார்' என்று சொல்லிப் பார். அவர் எழுவாயாகிவிட்டார். படிக்கிறவள் செயப்படுபொருள். டி.எட். இலக்கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, பார்த்தாயா!

அம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

அன்புடன்
காஞ்சனா

திருப்பதி,
21-02-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ எழுதிய எழுவாய் விஷயத்தை அப்படியே என் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன். உன் பெயரைப் போட முடியாது. மன்னித்துவிடு.

நூலகத்தில் பெரிய அகராதி ஒன்று இருக்கிறது. இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். அதில் பார்த்தால் 'லெட்' ஒரு சொல்லே இல்லை அக்கா, இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கு அனுமதி கொடு, போக விடு, வாடகைக்கு விடு என்றெல்லாம் பொருள். தெருவெல்லாம் தொங்குகிற டூலெட் பலகை இதில் பிறந்ததுதான். இன்னொன்றுக்குத் தடு என்று பொருள். நேர் எதிர். முதலில் இரண்டுக்கும் எழுத்தும் உச்சரிப்பும் வேறாக இருந்திருக்கின்றன. பேசிப் பேசித் தேய்ந்து, கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிட்டன. யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் விடுகிறாரா தடுக்கிறாரா என்று வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தடுக்கிற 'லெட்' இப்போது வழக்கொழிந்துவிட்டது. ஆனால் முழுக்கச் சாகவில்லை. என் அறைத்தோழி ஹர்ஷினியின் பாஸ்போர்ட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இவரை எந்த 'லெட்'டும் இல்லாமல் போக அனுமதியுங்கள் என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. அவள் இத்தனை நாள் அதைப் படித்ததே இல்லையாம்.

இன்னும் ஒன்று. அந்தத் தடு என்கிற சொல்லின் வேர் 'மெதுவான, தாமதமான' என்பது. ஒருவரைத் தாமதப்படுத்துவதுதான் ஆதியில் அவரைத் தடுப்பது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. உதாரணம் ஒன்றும் தோன்றவில்லை.

கண்ணாடி வாங்கியாயிற்றா?

உன்
நளினி

சித்தூர்,
18-03-2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதம். ஏன் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

உதாரணம் இல்லை என்கிறாயே, இந்தா. கோச்சிங் காலை பத்து மணிக்கு. போகாதே என்று இந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நான் புடவை கட்டிக்கொண்டு வந்ததும் அத்தைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். அன்றைக்கு மட்டும் முதுகு தேய்த்துவிட வேண்டும். "போலாம் போடி, கோச்சிங் எங்க ஓடியா போவுது?" இவர் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார். ஆட்டோவில் போகிறேன் என்றால் கோபம் வரும். "நான் கீறப்ப உனுக்கு இன்னாத்துக்கு ஆட்டோ?" பிறகு வண்டியைத் துடைப்பார். ஒரு போன் வரும். வழியில் கடையைத் திறந்து ஒரு கஸ்டமருக்கு டிஸ்ப்ளே மாற்றிக் கொடுப்பார். நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வகுப்புக்குள் போகும்போது பாதிப் பலகை அழிந்திருக்கும். கண் டாக்டரும் இப்படித்தான்.

யாரிடம் என்னவென்று புகார் சொல்வது? எல்லாரும் விட்டுத்தான் இருக்கிறார்கள். உன் அகராதியை எழுதியவன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருப்பான் போலிருக்கிறது.

இரவில் பாத்திரம் கழுவிய பிறகு படிக்கிறேன். ஆங்கிலம்தான் பயமாக இருக்கிறது. அந்தச் சொல்லையே எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்று வாக்கியங்கள் எழுதி அனுப்பு. ஆங்கிலம் ஒரு தாளில், தமிழ் ஒரு தாளில். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்லிப் பழகுகிறேன். இந்த வேலை கிடைத்தால்தான் நளினி, எனக்கென்று ஒரு வாசல். வேறொன்றும் வேண்டாம்.

அன்புடன்
காஞ்சனா

திருப்பதி,
22-04-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய அவா. அறிவிப்பு வந்துவிட்டது! மாமாவே கடையில் உட்கார்ந்து உனக்கு விண்ணப்பம் போட்டார் என்று அம்மா சொன்னாள். மகிழ்ச்சி.

கேட்டபடி இரண்டு தாள் வைத்திருக்கிறேன். தமிழ்த் தாளை மேலே வைத்துக்கொள். 'அவனை விடு. கையை விடு. வீடு வாடகைக்கு. நாம் போவோம். யாருக்கும் தெரிய விடாதே. என்னை வாழ விடு.' ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் அந்த ஒரே சொல்தான் வரும். ஏதாவது புரியாவிட்டால் எழுது.

கருத்தரங்கு அடுத்த வாரம். எனக்காக வேண்டிக்கொள்.

உன்
நளினி

திருப்பதி,
20-05-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. அம்மா போன் செய்தால் உன் அத்தை எடுத்து, "நல்லா கீறா. துன்னுட்டுப் படுத்துக்கினு கீறா" என்கிறாராம். எந்த நேரம் செய்தாலும் நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாய். அம்மா அதை நம்புகிறாள். நம்புவதுபோல் இருக்கிறாள்.

கருத்தரங்கில் பேசிவிட்டேன். பேராசிரியர், "தகவல்கள் சரி. உதாரணங்கள்தான் அகராதியிலிருந்து எடுத்ததுபோல் உலர்ந்திருக்கின்றன. உயிருள்ள உதாரணம் வேண்டும்" என்றார். உன் வெந்நீரும் டிஸ்ப்ளேயும் என் கைக்குறிப்பில் இருந்தன. நான் படிக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் உன்னை எப்படிச் சொல்வது?

படிக்கிறாய் அல்லவா? ஒரு வரி போதும்.

உன்
நளினி

(இதற்குப் பதிலாக வந்தது அக்காவின் கடிதம் அல்ல. மாமாவின் கடை முத்திரையோடு, தமிழில் அச்சிட்ட ஒரு தாள்.)

சித்தூர்,
28-05-2025

மரியாதைக்குரிய மைத்துனி நளினி,

வணக்கம் மற்றும் நல்ல ஆரோக்கியம். நீ ஆங்கிலத்தில் எம்.ஏ. என்பதால் நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பின்னர் மொபைல் மூலம் உன் தமிழுக்கு மாற்றியுள்ளேன்.

உன் காகிதத்தை எனது போன் வாசித்தது. அனைத்தும் தெரியும். நான் உன் சகோதரியைப் படிக்க வாடகைக்கு விட்டேன். நான் அவளைப் பயிற்சி வகுப்புக்கு வாடகைக்கு விட்டேன். எந்தக் கணவன் இவ்வளவு வாடகைக்கு விடுவான்? ஆனால் நீ அவளுக்குக் கொடுத்த ஆலோசனை இது. என் தாய் சாப்பிடுவதில்லை.

நீ படித்த பெண். உன்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு உண்மையுள்ள,
மோகன்ராஜ், உரிமையாளர்

சித்தூர்,
04-06-2025

நளினி,

நலம் விசாரிக்க நேரமில்லை. சந்தியா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளே தபாலில் போடுவாள். பதில் எழுதினால் அவள் பெயருக்கு எழுது.

உன் தமிழ்த் தாள் புத்தகத்தில் இருந்தது. போன் காமிராவைக் காட்டினால் எந்த மொழி எழுத்தையும் படித்துச் சொல்லும் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க வீட்டில் அவருக்குக் கிடைத்த வேற்று எழுத்து உன்னுடையதுதான். சந்தேகப்பட்டு எடுக்கவில்லை நளினி. விளையாட்டாக எடுத்தார். சிரித்துக்கொண்டே, "இரு இரு, உங்க கொழம்பு இன்னா கொழம்புன்னு பாக்கலாம்" என்றார்.

போன் ஒரு பெண்குரலில் தெலுங்கில் படித்தது. செய்தி வாசிக்கிறவள்போல் நிதானமாக. அவனை விட்டுவிடு. கையை விடு. வாடகைக்கு வீடு. நாம் போவோம். யாருக்கும் தெரியவிடாதே. என்னை வாழ விடு.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். "இன்னொரு தபா படிக்கச் சொல்லுடா."

அது மறுபடி படித்தது. இங்கிலீஷ் பாடம் என்றேன். இரண்டாவது தாளை எடுத்துக் காட்டினேன். "இன்னாத்துக்குடி ரெண்டு தாளு?" என்றார் இவர். "ஒண்ணு எனுக்குக் காட்டறதுக்கு, ஒண்ணு நீ படிக்கறதுக்கா?" ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அடிக்கவில்லை. கையைக்கூட ஓங்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். "உன்ன வுட்டேனேடி, உன்ன வுட்டேனே" என்று.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவரை விட்டுப் போக வேண்டும் என்று நான் இதுவரை நினைத்ததே இல்லை. வேலை கிடைத்தால் காலையில் போய் மாலையில் வரலாம், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் அந்தக் குரல் இரண்டாம் முறை படித்தபோது, ஒவ்வொரு வரிக்கும் நான் உள்ளுக்குள் 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எழுதாததை அவர் படித்தார். நான் கேட்டேன்.

பரீட்சை இந்த மாதக் கடைசியில். ஹால் டிக்கெட் எடுக்க ஓ.டி.பி. அவர் நம்பருக்குத்தான் வரும். சர்டிபிகேட்டுகள் அவர் பீரோவில். நேற்று அவர் பெரியப்பா ரங்கையாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நீ தெலுங்கில் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், எல்லார் முன்னாலும் படிக்கிற மாதிரி. நீ செய்தது தப்பு என்றும், அவர் என்னை விட்டதற்கு நன்றி என்றும் இருக்க வேண்டுமாம். இனித் தமிழில் கடிதமே போடக்கூடாதாம். எழுதினால் ஹால் டிக்கெட் எடுத்துத் தருவாராம்.

உன்னை எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

காஞ்சனா

திருப்பதி,
07-06-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான். நீ சாப்பிடு.

எழுதிவிட்டேன். இதைச் சந்தியா பெயருக்கும் அதை மாமா பெயருக்கும் தபாலில் போடுகிறேன். பள்ளியில் படித்த தெலுங்கு போதாமல் ஹர்ஷினியைத் திருத்தச் சொன்னேன். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "நிஜங்கா நுவ்வு தப்பு சேசாவா?" என்றாள். உண்மையாகவே நீ தப்பு செய்தாயா என்று. தலையை ஆட்டினேன். பேசத் தெரியாதவளுக்கு அது ஒரு வசதி.

மாமாவின் கடிதத்தில் வாடகைக்கு விட்டேன், வாடகைக்கு விட்டேன் என்று இருந்ததைப் படித்துக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. போன் தப்பாக மாற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீ பரீட்சை எழுது. பிறகு என்ன என்று நான் கேட்கமாட்டேன். நீ உள்ளுக்குள் சொன்ன அந்தச் 'சரி'யைப் பற்றி மட்டும் என்றைக்காவது எனக்குச் சொல்.

உன்
நளினி

(அதே நாள் தெலுங்கில் எழுதி அனுப்பியது. இங்கே தமிழில். பாவகாரு என்றால் அக்கா கணவர், மரதலு என்றால் மைத்துனி.)

திருப்பதி,
07-06-2025

பூஜ்யரான பாவகாருக்கு,

நளினி நமஸ்கரித்து எழுதுவது. தாங்களும் அத்தையும் பெரியவர் ரங்கையாகாரும் நலமாக இருக்க வேங்கடேஸ்வர சுவாமியை வேண்டுகிறேன்.

நான் அக்காவுக்கு எழுதிய தாள் என் அறியாமையால் நடந்த தப்பு. அதில் உள்ளவை அக்காவின் எண்ணங்கள் அல்ல. அவளுக்கு அப்படிப்பட்ட எண்ணம் கிடையாது. என் படிப்பு எனக்குப் புத்தி கொடுக்கவில்லை. வயதில் சிறியவள் என்று மன்னிக்க வேண்டும்.

தாங்கள் அக்காவைப் படிக்க விட்டீர்கள். கோச்சிங்குக்குப் போக விட்டீர்கள். பரீட்சை எழுதவும் விடப்போகிறீர்கள். இப்படி விடுகிற மாப்பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. எங்கள் நைனா கங்கையா, அம்மா சுந்தரம்மா சார்பிலும் என் சார்பிலும் விட்டதற்கு நன்றி.

இனி அக்காவுக்குத் தமிழில் கடிதம் எழுதமாட்டேன். ஹால் டிக்கெட் பதிவிறக்கம் தொடங்கிவிட்டது என்பதைத் தெரியப்படுத்திக்கொள்கிறேன்.

தங்கள் மரதலு,
நளினி

(அக்காவிடமிருந்து நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. பரீட்சை எழுதினாள், தேறினாள் என்று அம்மா வழியாகத் தெரிந்தது. பிறகு இது வந்தது. தெலுங்கில். அக்காவின் தெலுங்குக் கையெழுத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல் பெரிது பெரிதாக இருந்தது.)

சித்தூர்,
12-10-2025

சௌபாக்கியவதி நளினிக்கு,

காஞ்சனா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் எல்லாரும் நலம். நீ நலம் என்று நினைக்கிறோம்.

சுவாமி அருளாலும் உன் பாவகாரு விட்டதாலும் எனக்கு வேலை கிடைத்தது. குடிபாலா மண்டலத்தில் ஒரு பள்ளி. அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கேட்டில் நின்று அழைத்து வருகிறார். சம்பளக் கணக்குக்கும் அவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். அதனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

உன் கடிதத்தைப் பெரியப்பா எல்லார் முன்னாலும் படித்தார். நல்ல தெலுங்கு என்று சொன்னார். பாவகாரு அதை லேமினேஷன் செய்து கடையில் வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்குக் காட்டுகிறார்.

நீ ஏதோ சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாய். அது என்ன என்று எனக்கு நினைவில்லை.

எனக்கு ஒன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் எழுத்துத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து அ, ஆ போடச் சொல்லிக்கொடுக்கிறேன். சிலேட்டில் போட்டு முடித்ததும் அழிக்காமல் என்னிடம் ஓடிவந்து காட்டுகிறார்கள்.

நீ பதில் எழுதுவதானால் தெலுங்கில் எழுது.

இப்படிக்கு
காஞ்சனா மோகன்ராஜ்

(அதன் கீழே, வேறு மையில், வேறு கையில்: 'படித்தேன். அனுப்பலாம்.')